சனிக்கிழமை டொலோரஸ்

போனை எடுத்தது வெர்லின்தான். ஆனால் அம்மாவின் உடலை வைத்திருந்த அடக்க நிலையத்துக்காரருக்கு அவனிடம் பேச ஒன்றுமில்லை.

"உங்க அக்கா இருக்காங்களா? அம்மாவோட முடி, உடுப்பு விஷயம். பொம்பளைங்க சமாசாரம், அதான்."

வெர்லின் போனை ஜனெலிடம் நீட்டினான். அவள் முந்தின நாள்தான் ஃபீனிக்ஸிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பக்கவாதத்தில் அம்மாவின் வலது கை விழுந்ததிலிருந்து ஒன்பது வருஷமாக அவளைக் குளிப்பாட்டியதும், உடுப்பு மாட்டியதும், சூப்பை ஆற்றி ஊட்டியதும் வெர்லின். ஆனாலும் கேள்விகள் எல்லாம் தாமே வழி கண்டுபிடித்து அக்காவிடம் போய்விடும். அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தப் பூ பிடிக்கும் என்று ஊரே ஜனெலைக் கேட்டது. அவளும் பாவம், தம்பியைத் திரும்பிப் பார்ப்பாள். அவன் சொல்வான். அதையே அவள் திருப்பிச் சொல்ல, வந்தவர்கள், "என்ன இருந்தாலும் மகள் மகள்தான்" என்று தலையாட்டிப் போவார்கள்.

ஜனெல் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "டேய், டொலோரஸோட நம்பர் எங்கடா?"

வெர்லின் வேறு பக்கம் பார்த்தான். "எந்த டொலோரஸ்?"

"என்னடா, எந்த டொலோரஸ்? சனிக்கிழமையானா ஃபார்கோலேருந்து வந்து அம்மாவுக்கு முடி சுருட்டிவிடுறவ. போன் பண்ணினா அம்மா அவ பெருமைதானே பேசும்? கடைசியா ஒரு தடவ அவளே வந்து பண்ணிட்டா நல்லா இருக்கும்ல?"

டொலோரஸ் என்று ஒருத்தி கிடையாது. சர்ச் வாசலில் ஒருநாள் ஊர்க்காரி மிர்னா அம்மாவிடம், "ஆர்டிஸ், உனக்கு யாரு இவ்வளவு அழகா முடி பண்ணிவிடுறது?" என்று கேட்டபோது, பக்கத்தில் மகன் முகம் சிவந்து நிற்பதைப் பார்த்த அம்மா, அந்த இடத்திலேயே அவளைப் பெற்றுப் பெயர் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "டிராக்டர் ரிப்பேர் பண்றவன் நீ. நாலு பேரு சிரிப்பாங்க," என்றாள். அவனும் மறுக்கவில்லை. உண்மையில் அவனுக்கு அந்தப் பொய் நிம்மதியாகவே இருந்தது. நாளாக ஆக டொலோரஸுக்கு முட்டிவலி வந்தது. விட்டுவிட்டுப் போன இரண்டு புருஷன்கள் வந்தார்கள். சனிக்கிழமைகளில் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு அம்மா புதுப்புதுக் கதையாகச் சேர்க்க, இருவரும் சிரிப்பார்கள்.

சுருள் நிற்பதற்குக் கொஞ்சம் பழைய பீரைத் தலையில் தடவ வேண்டும். அம்மாவின் குமரிப் பருவத்து வழக்கம் அது. வெள்ளிக்கிழமை பீர் வாங்கப் போனால் கடையில் இருப்பவர்கள் அவன் முதுகில் தட்டுவார்கள். உழைக்கிறவன், குடிக்கட்டும் என்பார்கள். பீருக்கு மட்டும் எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை.

அக்கா காத்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை.

"அவ வேற ஊருக்குப் போய்ட்டா," என்றான்.

ஜனெல் போனில், "நீங்களே ஆள் வெச்சுப் பண்ணிடுங்க, போட்டோ தர்றேன்," என்றாள். அது பழைய போட்டோ. அதில் அம்மா முடியை இழுத்துப் பின்னால் வாரியிருந்தாள். அதற்கப்புறம்தான் அவள் விழுந்ததும், தலையில் ஆபரேஷன் ஆனதும், இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே முளைக்காமல் போனதும். அந்த வழுக்கை வெளியே தெரியக்கூடாது என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தாள். "நான் செத்தாலும் மூடிவிடுடா," என்று சொல்லியிருந்தாள்.

"அக்கா, இடது காதுக்கு மேல..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

தன் மேலேயே எரிச்சலாக வந்தது அவனுக்கு. அறுவடை இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துப்பில்லை.

மறுநாள் காலை கோட்டுப் பையில் ஒரு சீப்பும் கொஞ்சம் ஹேர்பின்னும் போட்டுக்கொண்டான். குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருந்த பீரை ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி அதையும் வைத்துக்கொண்டான்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில், அடக்கத்துக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்காகப் பெண்கள் ரொட்டிக்குள் பன்றி இறைச்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். போன உடனேயே ஜனெலின் இடுப்பில் யாரோ ஏப்ரனைக் கட்டிவிட்டார்கள். "காபி அண்டா எங்க இருக்குன்னு என்னைக் கேக்கிறாங்கடா. பொம்பளையாப் பொறந்தா கூடவே தெரிஞ்சிடுமா?" என்று பல்லைக் கடித்தாள். வெர்லினுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்து, பெட்டி தூக்கும் ஆறு பேரில் ஒருவனாக மேலே நிறுத்தினார்கள். சித்தப்பா ஆரின் அவன் தோளை அமுக்கினார். "ஆம்பளன்னா அழக்கூடாது, தூக்கணும். தெரிஞ்சுதா?"

வெர்லின் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தான். போட்டோவில் இருந்த மாதிரியே முடியைப் பின்னால் வாரியிருந்தார்கள். பவுடர் அப்பியும் அந்த வழுக்கை பளபளவென்று தெரிந்தது. மிர்னா பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

அவன் கையுறைகளைக் கழற்றினான். சீப்பில் பீரை ஊற்றிக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்தான்.

அடக்க நிலையத்துக்காரர் ஓடி வந்தார். "வெர்லின், வேணாம். உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா?"

"அவளுக்குத் தெரியாது."

"என்னடா பண்ற?" சித்தப்பா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "ஊரே பாக்குது."

"பாக்கட்டும் சித்தப்பா. ஒம்பது வருஷமா யாரும் பாக்கல." அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. "டொலோரஸ்னு எவளும் கிடையாது. நான்தான் டொலோரஸ்."



"அப்போ அந்த ரெண்டு புருஷன்?" என்றாள் மிர்னா.

"அம்மா விட்ட கதை."

சித்தப்பா காற்றை மோந்து பார்த்தார். அவன் கையருகே குனிந்து இன்னொரு தடவை மோந்தார், பீர் வாசனை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது.

"ஒண்ணுமில்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பையன் காலைலயே கொஞ்சம் போட்டிருக்கான். ஆம்பளைக்கு இதெல்லாம் சகஜம்."

இறுகியிருந்த முகங்கள் இளகின. அடக்க நிலையத்துக்காரர் புரிந்தவராகப் பின்வாங்கினார். மிர்னா அருகே வந்து, "அழுதுடு வெர்லின், இல்லாட்டி இப்படித்தான் உளறத் தோணும்," என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். அவன் கத்தியிருப்பான். அதற்குள் ஹேர்பின்களைப் பல்லில் கடித்துக்கொண்டுவிட்டான். அவன் எப்போதும் வேலை செய்கிற முறை அது.

ஜனெல் ஏப்ரனோடு மேலே வந்து நின்றாள். தடித்த, நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய அந்த விரல்கள் ஒரு கற்றையைப் பிரித்து, நனைத்து, சுற்றி, காதுக்கு மேலே வளைத்துவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கண்ணால் காட்டினான். அவள் அந்தச் சுருளை விரலால் பிடித்துக்கொண்டாள். அவன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினான்.

வழுக்கை மறைந்தது. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்பும் அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

"இவ்வளவு நாளா எங்கிட்டகூட சொல்லலியேடா," என்றாள் ஜனெல்.

பெட்டியை மூடினார்கள். ஆறு பேரையும் கூப்பிட்டார்கள். வெர்லின் முன்பக்கத்துப் பிடியைப் பிடித்தான். சித்தப்பா எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "நேரா நட. படியில பாத்து," என்றார். போதகர் வாசலில் நின்று, "பேசவே முடியல, பாவம்," என்று யாரிடமோ சொன்னார்.

வெளியே கோதுமை வயல்களைத் தாண்டி வந்த காற்று முகத்தில் அடித்தது. இரண்டு கையும் பெட்டியில் இருந்தன. மிச்சமிருந்த ஒரு ஹேர்பின்னைப் பல்லிடுக்கில் கடித்தபடியே அவன் படியிறங்கினான்.