பால்குடத்துக்குப் போன பால்

பினாங்குப் பக்கம் புக்கிட் தெங்காவில் கறவை மாடு வைத்திருக்கும் யுகேந்திரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் மனைவி ரூபினி வேலை பார்க்கும் ஃபேக்டரியில் மாட்டுப்பாலைச் சோதிக்கும் காகித ஸ்ட்ரிப் செய்கிறார்கள். மாட்டின் மடியில் நோய் தொடங்கினால் அதன் அடையாளம் முதலில் பாலில்தான் ஏறுமாம். மடி வீங்குவதற்கும் பால் திரிவதற்கும் முன்பே ஸ்ட்ரிப் பச்சையாகிக் காட்டிக் கொடுத்துவிடும். அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து இவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. லிட்டில் இந்தியாவில் டீக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா பாயிடமும், சுங்கை பினாங் ஃபிளாட்டில் பால் வாங்கும் பெண்களிடமும், "நம்ம பாலு டெஸ்ட் பண்ண பாலு லா" என்று போனில் படம் காட்டாத நாள் கிடையாது.

தைப்பூசத்தன்று விடிகாலையில் செவ்வந்தி என்ற மாட்டின் பின்காம்புப் பாலில் தொட்ட ஸ்ட்ரிப் கரும்பச்சையாகிவிட்டது. பால் என்னவோ வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. மோந்து பார்த்தான், ஒரு குறையும் தெரியவில்லை.

"அந்தப் பாலை அப்படியே கீழ ஊத்திடுங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரூபினி ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஊற்றுவதாவது! பாக்கெட் பால் ஆகாது, பசும்பால்தான் வேண்டுதல் என்று பால்குடத்துக்குச் சொல்லி வைத்தவர்களுக்கெல்லாம் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டியிருந்தான். இன்றைக்கு யாரிடம் போய் இல்லை என்பது? அப்போதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. பால்குடத்துப் பாலை யார் குடிக்கப் போகிறார்கள்? சாமி மேல் ஊற்றத்தானே போகிறார்கள்! நல்ல பாலை டீக்கடைக்கு ஒதுக்கினான். செவ்வந்தியின் பாலைப் பால்குடக் கேனில் கலந்தான். மனுஷனுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொண்டோம் என்று அவனுக்கு ஒரு திருப்திகூட. அந்தத் திருப்தியைத்தான் பிறகு அவனால் நினைக்கவே முடியவில்லை.

பாலையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்கே போனான், சாமி கும்பிட. அடிவாரத்தில் தனலெட்சுமி எதிரே வந்தாள். சுங்கை பினாங்கில் அவனிடம் பால் வாங்குகிறவள். போன வருஷம் பூரா மகள் தர்வினாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பிள்ளை பிழைத்ததற்குத்தான் இந்தப் பால்குடம். மஞ்சள் புடவை, வெறுங்கால், இடுப்பில் குடம், கையைப் பிடித்தபடி பிள்ளை.

"அண்ணே! உங்க பாலுதான். சாமிக்கு அபிஷேகம் ஆனப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இந்தாங்க, பிரசாதம். மொதல்ல நீங்க."

அபிஷேகம் முடிந்ததும் குடத்தில் கொஞ்சம் பால் மிச்சம் வைத்துப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுப்பது இங்கே வழக்கம். பிறந்ததிலிருந்து பார்க்கும் வழக்கம். காலையில் மட்டும் அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி.

அவள் குடத்திலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டியதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். அதோடு தீர்ந்துவிடும் என்று பார்த்தால், அவள் மறுபடி ஊற்றிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

"காய்ச்சிக் குடுக்கலாமே, தங்கச்சி?"

"பிரசாதத்தை யாராச்சும் காய்ச்சுவாங்களா? அதோட டெஸ்ட் பண்ண பாலு லா. நீங்கதானே சொன்னீங்க!"

பிள்ளை வாயைத் திறந்தது. யுகேந்திரன் டம்ளரின் மேல் கையை வைத்து மூடினான்.

"குடுக்காத. மாட்டுக்கு மடியில நோய். ஸ்ட்ரிப் காட்டிச்சு."

"எப்ப காட்டிச்சு?"

"காலையில."

தனலெட்சுமி டம்ளரைக் கீழே இறக்கினாள். "தெரிஞ்சேவாண்ணே குடுத்தீங்க?"

"சாமிக்கு ஊத்துறதுதானேன்னு..." அவன் சொல்லி முடிக்கவில்லை. காலையில் அவ்வளவு நியாயமாகத் தெரிந்த பேச்சு, வெளியே வந்ததும் அவன் காதுக்கே நாறியது.

அவள் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவனும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பான். அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"பாய் கடைக்கு எந்தப் பாலு குடுத்தீங்க?"

அவனால் தலை நிமிர முடியவில்லை. "நல்ல பாலு."

டம்ளரில் இருந்ததை அவள் குடத்தில் திரும்ப ஊற்றினாள். பிரசாதத்தைத் தரையில் கொட்டவும் கூடாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது. குடத்தை அவனிடம் நீட்டினாள்.

"என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே வச்சுக்குங்க. மத்தவங்களுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவமானம் பிடுங்கித் தின்ன, யுகேந்திரன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் போனைத் தடவி முதல் நம்பரைத் தேடினான். எதிரே ஏறி வந்த கூட்டம் குடத்தைப் பார்த்தது. "வேல் வேல்" என்று கைகூப்பி அவனுக்கு வழிவிட்டது.