தோற்றால் பத்துப் பல்

தொழிலாளர் விசாரணை அலுவலகத்தின் பெண்கள் கழிவறை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, தன் முன்பற்களில் வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தாள் தூண்.

பாதி தடவிய பிறகுதான் சுரீர் என்று உறைத்தது. இன்றைக்கு மேட்ச் இல்லை.

"சனியனே!" என்று கண்ணாடியில் இருந்தவளைத் திட்டிவிட்டு, காகிதக் கைக்குட்டையால் பல்லைத் தேய்த்தாள். பழக்கதோஷம். மேட்ச் நடக்கும்போது மைதான ஓரத்தில் ஆடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் பெண்களுக்கு இதுதான் அரிச்சுவடி. பல்லில் வாஸ்லின் தடவினால், வாய் எவ்வளவு உலர்ந்தாலும் உதடு ஒட்டாது. சிரிப்பு வழுக்கிக்கொண்டே நிற்கும். கோல் விழுந்தாலும் நிற்கும், இடி விழுந்தாலும் நிற்கும்.

அவளுக்கு அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அணியில் யாருக்கும் அது ஞாபகமில்லை. அகலமான தோள், அசையாத கால். ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டும்போது அடியில் நிற்பவள் என்பதால் தூண். அவள் கையிலிருந்துதான் குருவி பறப்பாள். அணியிலேயே ஒல்லி குருவிதான். மேலே வீசினால் காற்றில் ஒரு சுழற்சி, பிறகு பூ விழுகிற மாதிரி கீழே காத்திருக்கும் கைகளில் வந்து விழுவாள்.

போன சீசனின் கடைசி மேட்சில் குருவி அந்தக் கைகளில் விழவில்லை. தரையில் விழுந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. முதுகில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் உட்காரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் நிற்கலாம் என்கிறார் டாக்டர். அந்தச் செலவு யார் தலையில்? கால்பந்து கிளப்பின் தலையிலா, இல்லை ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் குருவியின் அம்மா தலையிலா? இன்றைய விசாரணை அதற்குத்தான்.

மற்ற பெண்கள் வாய்ப்புப் போய்விடும் என்று ஒதுங்கிவிட்டார்கள். சாட்சி ஒரே ஒருத்தி. தூண்.

வெளியே பெஞ்சில் புலி உட்கார்ந்திருந்தார். பஞ்சு அடைத்த புலி உடைக்குள் புகுந்து, மேட்ச் முழுக்கக் குழந்தைகளுக்குக் கை கொடுப்பது அவர் வேலை. உடை இல்லாதபோது அவர் வழுக்கையும் தொப்பையுமாக, வட்டிக்கடை வாசலில் காத்திருப்பவர் போல இருந்தார். தூணைத் தன் ஸ்கூட்டரில் அழைத்து வந்ததே அவர்தான்.

"என்னம்மா, பல்லு பளபளன்னு மின்னுது?"

"பழக்கம் விட மாட்டேங்குதுண்ணா. நீங்களும் உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் என்னத்தச் சொல்ல? புலித் தலைக்குள்ள இருந்தா மூக்கு ஓட்டை வழியாத்தான் உலகம். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது ஒரு ஐஸ்கிரீம் வண்டியும், அதுக்குப் பக்கத்துல கொட்டாவி விட்ட ஒரு ஆளும்தான்." புலியின் குரல் இறங்கியது. "தெரிஞ்சிருந்தா மட்டும் சொல்லியிருப்பேனா? தெரியலம்மா. எனக்கு மாசச் சம்பளம். ரெண்டு பொண்ணு."

"பேரு மட்டும் புலி."

"பேரு மட்டும்தான்."

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. போன வருஷம் அவருக்குக் கணுக்கால் சுளுக்கியது. கிளப் டாக்டர் வந்தார், சம்பளத்தோடு விடுப்பு வந்தது, ஒரு பழக்கூடைகூட வந்தது. பொம்மைத் தலை போட்டவர் ஊழியர். சொந்தத் தலையோடு ஆடும் பெண்கள் யாரும் ஊழியர் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் என்ற சொல்லே கிடையாது, 'போக்குவரத்துப் படி'தான். ஷூவும் மேக்கப்பும் அவரவர் செலவு. ஒத்திகைக்கு ஒன்றும் இல்லை. எடை கூடினால் அந்த வாரம் வெளியே. கேமரா திரும்பும்போது முகத்தில் சிரிப்பு இல்லையென்றால், அந்தப் படியிலும் வெட்டு.

"அடுத்த கேஸ்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. வலது பக்கம் கிளப்பின் வக்கீல், மடித்த சட்டைபோலக் கசங்காத ஆள். எதிரே மூன்று காலில் நின்ற கேமரா. அந்தக் கேமராவுக்கு நேர் பின்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேடம்.

தூண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அணியின் பயிற்சியாளர் மேடம்தான். மேடத்தின் வேதம் சுருக்கமானது. ஜெயித்தால் எட்டுப் பல், தோற்றால் பத்து. ஏன் என்று ஒருத்தி கேட்டதற்கு மேடம் சொன்னாள்: "ஜெயிச்சவன் உன்னை எங்கடி பார்க்கப் போறான்? தோத்தவன்தான் பார்ப்பான். அவனுக்கு ரெண்டு பல்லு சேர்த்துக் காட்டு." விழுந்தாலும் சிரி. தூக்கிக்கொண்டு போனாலும் கையை ஆட்டு. யாராவது முகம் தொங்கினால், மேடம் கோட்டுக்கு வெளியே நின்றபடி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தன் வாயின் இரண்டு ஓரத்திலும் வைத்து மேலே இழுப்பாள். அவ்வளவுதான். அடுத்த நொடி பன்னிரண்டு முகங்களும் மலரும். ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரிகிற மாதிரி.

"ரெக்கார்டிங் போடுங்க," என்றார் அதிகாரி.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தூணின் உதட்டோரம் தானாகத் துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"சொல்லும்மா. பயப்படாதே."

சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

"ஒரு பொண்ண மேல வீசணும்னா கீழ நாலு பேர் வேணும் சார். மூணு பேர் வீசுவோம். நாலாவது ஆள் பின்னால நிப்பா. பின்கைன்னு சொல்லுவோம். விழறவளோட தலையும் முதுகும் அவ பொறுப்பு. அன்னிக்குப் பின்கைய மேல கண்ணாடி ரூமுக்கு அனுப்பிட்டாங்க."

"எதுக்கு?"

"விளம்பரம் குடுக்கிற பெரிய மனுஷங்களோட போட்டோ எடுக்க. பக்கத்துல உட்கார. தோள்ல கை போட்டா எடுத்து விடாம இருக்க. முடியாதுன்னா அடுத்த மேட்சுக்குக் கூப்பிட மாட்டாங்க சார்."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் வீட்டில் பெண் இருக்கும்போல.

"பின்கை இல்லாம வீச வேண்டாம்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார். 'ஒரு தடவைதானேடி, மூணு பேரே பிடிங்க, டிவில லைவ் போகுது'ன்னாங்க மேடம்."

அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். தூணுக்கு அன்று முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. கிடைத்துவிடும். குருவி உட்காருவாள்.

வக்கீல் எழுந்தார்.

"சார், இதை வேலைன்னு சொல்றதே தப்பு. பொண்ணுங்க ஆசைக்கு ஆடுறாங்க. போக வர செலவு குடுக்கிறோம். மேட்ச் இலவசமா பார்க்கிறாங்க. ஊர்ல எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?"

"மேட்சுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறோம் சார்," என்றாள் தூண். "கூட்டத்தைப் பார்த்துத்தான் ஆடணும். ரெண்டு சீசன்ல நான் ஒரு கோல் பார்த்ததில்ல."

அதிகாரியின் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. வக்கீல் அதைக் கவனித்தார். உடனே மடிக்கணினியைத் திருப்பி வைத்தார்.

படம் ஓடியது. மைதானத்தின் ராட்சதத் திரையில் அன்று எல்லாரும் பார்த்த அதே படம். விழுந்த நொடியில் கேமரா பந்தின் பக்கம் இருந்தது, திரும்பி வந்தபோது பிடித்தது இதைத்தான். ஸ்ட்ரெச்சரில் குருவி. கழுத்து ஒரு பக்கமாக இருக்கிறது. கை மட்டும் மேலே எழுகிறது, ஆடுகிறது. முகத்தில் பளீரென்று சிரிப்பு.

"முதுகெலும்பு முறிஞ்சவங்க முகமா சார் இது? கல்யாண ஆல்பத்துல வைக்கலாம். மைதானத்துல இந்தக் காயமே இல்லைங்கிறதுதான் எங்க வாதம். அப்புறம் ஆம்புலன்ஸ்ல என்ன ஆச்சோ, ஆஸ்பத்திரில என்ன ஆச்சோ, எங்களுக்குத் தெரியாது."

"அது சட்டம் சார்!" தூண் எழுந்துவிட்டாள். "விழுந்தாலும் சிரிக்கணும். எங்க எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கம்."

"எந்தச் சட்டம்? எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. மேடம் சொன்னது."

அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் குரலை மென்மையாக்கிக்கொண்டாள். "சந்தோஷமா ஆடுங்கன்னு சொல்வேன் சார். வலிக்கும்போது சிரின்னு எந்தத் தாய் சொல்வா? எல்லாம் என் பொண்ணுங்க மாதிரி."

"சரிம்மா, கடைசியா ஒண்ணு," என்றார் வக்கீல். குரலில் பசுவின் சாந்தம். "அந்த நிமிஷம் என்ன நடந்துச்சு? உன் வாயால சொல்லு. கேமராவைப் பார்த்துச் சொல்லு."

தூண் திரும்பினாள். சிவப்பு விளக்கு. விளக்குக்குப் பின்னால் மேடம்.

மேடத்தின் கை மடியிலிருந்து எழுந்தது. லிப்ஸ்டிக்கைச் சரிசெய்பவள்போலக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாயின் ஓரங்களுக்குப் போயின. மெல்ல மேலே இழுத்தன.

ஸ்விட்ச் விழுந்தது.

"என் கையிலேருந்து வீசினேன்... அவ சுத்தி வந்தா..." தூணின் உதடுகள் விரிந்தன. "பின்னால யாரும் இல்ல... முதுகு முதல்ல தரையில... ஒரு சத்தம் கேட்டுச்சு சார், காஞ்ச குச்சி மாதிரி..."

பத்துப் பல்லும் தெரிந்தன. துடைத்தது போக மிச்சமிருந்த வாஸ்லின், டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது.

அதிகாரி குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னம்மா சிரிக்கிறே?" என்றார் அதிகாரி.

"சிரிக்கல சார்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னங்களைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவை மறுபடி மேலே போயின. கண்ணிலிருந்து நீர் வழிந்து, சிரிப்பின் பள்ளத்தில் வளைந்து, மோவாயில் சொட்டியது.

"சத்தியமா சிரிக்கல சார்... அவங்க கையைப் பாருங்க... அவங்கதான்..."

அதிகாரி திரும்பிப் பார்த்தபோது மேடத்தின் கை மடியில் இருந்தது. கைப்பையின் வாரை நீவிக்கொண்டிருந்தது.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பேச வேண்டிய அவசியம் அவருக்கு முடிந்துபோயிருந்தது.

தீர்ப்பு, அதிகாரி ஒரு காபி குடித்து வந்த நேரத்தில் முடிந்தது. மைதானத்திலேயே காயம் பட்டதற்கு நம்பத்தக்க சாட்சி இல்லை. மனுதாரர் ஊழியரும் இல்லை. தள்ளுபடி. படிக்கும்போது அவர் தூணின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

தாழ்வாரத்தில் மேடம் வழிமறித்தாள்.

"என்னை அப்படிப் பார்க்காதடி. ஒவ்வொரு சீசனும் என் கான்ட்ராக்டும் அவனுங்க கையெழுத்துலதான் இருக்கு."

"குருவி இனி எந்திரிக்க மாட்டா மேடம்."

"நானும் ஒரு காலத்துல குருவிதான்." மேடம் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "இதைப் பத்தி எவனாவது கேட்டானா? எவனும் கேக்கல. சிரிச்சேன். சிரிச்சதாலதான் இன்னிக்குக் கஞ்சி குடிக்கிறேன்." இரண்டடி நடந்து, நின்று, திரும்பாமலே சொன்னாள். "நாளைக்கு ஒத்திகைக்கு வராத. உனக்குப் பதில் ஆள் பார்த்தாச்சு."

லேசாக நொண்டியபடி போனாள். இத்தனை நாள் அந்த நொண்டலைத் தூண் கவனித்ததே இல்லை.

புலி ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவள் இறங்கும்போது, "நான் உள்ள வந்து சொல்லியிருக்கணும்மா," என்றார். தூண் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் சோப்புப் போட்டு வாயைக் கழுவினாள். பல்லை விரலால் தேய்த்தாள், ஈறு எரிய எரியத் தேய்த்தாள். கண்ணாடியைப் பார்த்து முகத்தை இறக்கிப் பழகினாள். இப்படி. ஆமாம், இப்படித்தான். சாவு வீட்டுக்குப் போகிறவளைப்போல. நேராகப் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும்.

வார்டின் கடைசிக் கட்டில். குருவியின் அம்மா ஆஸ்பத்திரிப் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் மடிப்பு. ஓரம் கத்திபோல நின்றது. வேலைக்கு லீவு போட்டாலும் கை லீவு போடவில்லை.

குருவி வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். பார்வை தூணின் கண்ணுக்குப் போகவில்லை. நேராக வாய்க்குத்தான் போனது.

வீசுவதற்கு முன்னால் இருவரும் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, பிறகு ஆகாயம். தூண் முகத்தை இறுக்கினாள். குழாயடியில் பழகியதெல்லாம் நாலு கட்டில் தூரம் தாங்கியது. ஐந்தாவது கட்டிலைக் கடக்கும்போது உதடு விரிந்தது. விரிந்துகொண்டே போனது.

குருவியின் உதடுகள் மெல்ல அசைந்தன. எண்ணுகிறாள்.

ஏழு. எட்டு.

எட்டோடு நிற்க வேண்டுமே என்று தூண் பிரயாசைப்பட்டாள். முகம் கேட்கவில்லை.

ஒன்பது. பத்து.

குருவி எண்ணுவதை நிறுத்தினாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். திறந்தபோது அவளுடைய பத்துப் பல்லும் பளீரென்று தெரிந்தன. தலையணைமேல் கிடந்த கை உயர்ந்து, ராட்சதத் திரைக்கு ஆட்டியதுபோல, இரண்டு தரம் ஆடியது.

அம்மா போர்வையோடு திரும்பினாள். மகளைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கிறீங்களே... கண்ணு, ஜெயிச்சாச்சா?" கையிலிருந்த போர்வை நழுவியது. "ஜெயிச்சாச்சாடி? ஐயோ, என் ராசாத்தி... இரு, இரு, நர்ஸம்மா தினமும் கேட்டுட்டே இருப்பாங்க..."

"அம்மா, நில்லுங்க..." என்றாள் தூண்.

அதற்குள் அம்மா பாதி வார்டைத் தாண்டியிருந்தாள். "எம்பொண்ணு நிக்கப் போறா! டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேதி குறிக்கச் சொல்லுங்க!" என்ற குரல் தாழ்வாரமெல்லாம் ஓடியது. யாரோ கை தட்டினார்கள்.

"போய் நீ சொல்லுடி," என்றாள் குருவி, சிரிப்பை இறக்காமல்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா?" என்றாள் தூண்.

தூண் குனிந்து போர்வையை எடுத்தாள். அதே மடிப்பில் மடிக்கப் பார்த்தாள். ஓரம் சேரவில்லை.

தாழ்வாரத்தில் அம்மாவின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேகமாக. அதன் பின்னாலேயே இன்னொரு செருப்புச் சத்தமும்.