குப்பம்மா தொடாத ஓடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுங்களா. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இந்தக் கதையை உங்கள் காதில் போட்டுவிடுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷம். அம்பத்தூரில் வேம்புலியம்மாள் தனியாக இருந்தாள். சொசைட்டியில் கடன் வாங்கி ஓட்டு வீடு கட்டிய புருஷன் மறுவருஷமே போய்விட்டான். கடன் கொடுத்தவர்கள் கட்டாயம் என்றதால், புயலுக்கும் சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாவோடு ஒரு முருங்கைக் கிளைக்காகச் சண்டை. நாலு வருஷமாகப் பேச்சில்லை. வேறு யாரும் அவள் வாசலை மிதிப்பதும் இல்லை.

மழைக்கு முன்னால் ஏஜெண்டு நாகேந்திரன் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றியபடியே சொன்னார்.

"யம்மா, பாலிசிய தகர டப்பால போட்டு வை. ஆடுற ஓட்டுக்கு சிமிட்டி பூசிடு. எது ஒடஞ்சாலும் ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் அப்டியே கெடக்கட்டும். தொட்டுடாத."

"உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ நைனா."

"இன்னும் பத்து ஊடு கீது யம்மா." மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னதையெல்லாம் செய்தாள். புயல் வந்தது. சமையலறைக் கூரையில் பாதி உள்ளே விழுந்தது. பாதி பறந்தது. எங்கே விழுந்ததென்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பம்மா வீடு. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு, உடைந்தது ஒன்றையும் தொடாமல் ஐந்து நாள் கூடத்து மூலையில் கிடந்தாள். ஆறாம் நாள் தபால் வந்தது: நாளை ஆபீசர் வருகிறார்.

அங்கேதான் தவறினாள், பாவம். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு மனுஷர் வரப்போகிறார். இப்படிக் கிடக்கிற வீட்டுக்கா கூப்பிடுவது? உடைந்த ஓட்டுச் சில்லையெல்லாம் கூடை கூடையாக வாரித் தெருப்பள்ளத்தில் கொட்டினாள். மேலே கீற்றுப் போட வைத்தாள். தரையை மெழுகிக் கோலமிட்டாள். இரண்டு டம்ளரைப் புளி போட்டுத் துலக்கி வைத்தாள்.

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார்.

"இது கீத்துதானேம்மா? ஓடு இருந்துதுன்னு எப்படி நம்பறது?"

"ஒடஞ்சதெல்லாம் தெருவுல கொட்டிட்டேன் சார். நீங்க வரீங்களேன்னு..."

"சேத்துல கெடக்கறது யார் வீட்டு ஓடோ! சாட்சிக்கு யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல சார்." அவர் பேனாவை மூடினார்.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"சார்! இங்க வந்து பாரு. அந்தூட்டு ஓடு பூரா என் தோட்டத்துல கெடக்குது. அவ பொருள நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்? உழுந்த எடத்துலயே கீது."

ஆபீசர் அங்கே போய்ப் பார்த்தார். பறந்த பாதிக்கு நஷ்டஈடு எழுதினார். வாரிக் கொட்டிய பாதிக்கு எழுத முடியாதென்று சொல்லிவிட்டு, அந்த வழியாகவே போய்விட்டார்.

"குப்பம்மா, காப்பி கீது" என்று வேம்புலியம்மாள் மதிலோரம் நின்று கூப்பிட்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது. காப்பி டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். காலையில் அது அங்கேயே இருந்தது, மழைத்தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி.

உங்கள் ஓடுகள் எந்தக் காற்றுக்கும் அசையாதிருக்கட்டும், கண்ணுங்களா. உங்கள் வீட்டில் துலக்கி வைத்த டம்ளரில் காப்பி ஒருநாளும் ஆளில்லாமல் ஆறாதிருக்கட்டும்.