டிராகன் இருக்கும் வீடு

வேலை முடிந்து வந்த தாணு குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே அஜிதா வந்து நின்றுவிட்டாள். கையில் பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகம். நடுப்பக்கத்தை விரித்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, இந்தத் தடவ என் பர்த்டேக்கு எனக்கு டிராகன் வேணும்."

தாணு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். பச்சையாக ஒரு நீண்ட உடம்பு. முதுகு நெடுக முள். வௌவாலுக்கு இருப்பதுபோல் இரண்டு இறக்கை. வாயிலிருந்து தீ வந்துகொண்டிருந்தது.

"இது என்ன மக்களே, முதலையா?"

"முதல பறக்குமா?"

"பறக்காது."

"பின்ன?"

அவள் பிறந்தது இந்தத் திருவனந்தபுரத்தில்தான். பேச்சு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தூக்கத்தில் எது முந்துகிறதோ அது.

"கேக்கு மட்டும் போராது, கேட்டியளா. டிராகன் பெருசா இருக்கணும். அப்பதான் எல்லாரும் வருவாங்க."

எல்லாரும் வருவாங்க என்று சொன்னதும் தாணு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். போன வருஷம் ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. அவன் மனைவி ஆவுடைத்தாய் கிண்டி வைத்த கேசரி தட்டில் இறுகிப் போகும் வரைக்கும் அஜிதா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் தாணுவுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். "அவங்களுக்கெல்லாம் காய்ச்சலாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவளே எழுந்து கேசரியைப் பக்கத்து அறைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படிப் பெரிய மனுஷிபோல் சொன்னது அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வருஷமும் அப்படி ஆகக்கூடாது. அதற்கு டிராகன்தான் வேண்டுமென்றால் டிராகன்.

"எத்தன அடி வேணும்?" என்று கேட்டான்.

கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதி கட்டிய வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள். அதில் மூன்றாவது அறை அவர்களுடையது. முன்னால் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் துபாயில் இருந்தார். வேலை ஒரு வருஷமாக நின்று கிடந்தது. அதன் பொறுப்பு மேஸ்திரி பகவதிப்பெருமாளிடம். தாணு கம்பி கட்டுவதும் அவரிடம்தான்.

"துண்டுக் கம்பிய எடுத்துக்க. முழுக் கம்பியில கைய வச்சிராத" என்றார் மேஸ்திரி. பிறகு, "டிராகன்னா பாம்பு ஜாதியா வே?" என்று விசாரித்தார்.

"பறக்கும், நடக்கும், தீ துப்பும்னு சொல்லுதா அண்ணாச்சி."

"அப்ப நம்ம இன்ஜினியர் ஜாதி" என்றார் அவர்.

கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற பச்சை வலை கிழிந்துபோய் மூலையில் கிடந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேலை முடிந்த பிறகு பாதி கட்டிய வீட்டின் முன் போர்ட்டிகோவில் டிராகன் வேலை நடந்தது. தாணுவோடு ஜோடி போட்டுக் கம்பி கட்டுகிற ஜெபசிங் நான்காவது அறையில் இருந்தான். கல்யாணமாகாதவன். சாப்பாடு இவர்கள் வீட்டில் என்பதால் டிராகனிலும் பங்கு வந்தது. தாணு விலா எலும்புக்குக் கம்பியை வளைத்தான். ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங், ஒவ்வொரு முட்டிலும் கட்டுக்கம்பி, கொக்கியால் இரண்டு முறுக்கு. இத்தனை வருஷம் பழகிய கை, அதைக் குறைக்கச் சொன்னாலும் குறைக்காது.

ஜெபசிங் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"அண்ணே, இது டிராகனா, இல்ல கான்கிரீட் பீமா? இதுமேல ரெண்டு மாடி எழுப்பலாம் போலிருக்கே."

"ஆடாம இருக்கணும்லா."

"கேக்கு வெட்டத்தான பிள்ளைய வருது, பூகம்பமா வருது?"

ஆவுடைத்தாய் ஐ.டி.க்காரப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே ஒரு பிள்ளை செல்போனில் டிராகன் விருந்து என்று எதையோ காட்டியிருக்கிறாள். அன்றைக்கு வந்ததிலிருந்து இவளும் துணிந்துவிட்டாள். குழிப்பணியாரத்தில் கீரைச்சாறு ஊற்றிப் பச்சையாகச் சுட்டால் அது டிராகன் முட்டை. தண்ணிமத்தங்காய்ச் சாறு டிராகன் ரத்தம்.

"ஏளா, பிள்ளைய ரத்தம்னா குடிக்குமா?" என்று தாணு கேட்டான்.

"கசாயம்னாத்தான் குடிக்காது. ரத்தம்னா குடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறி சாலைக் கடைத்தெருவுக்குப் போனார்கள். சிவப்பும் மஞ்சளும் காகிதம், பசை, பச்சை அட்டை வாங்கினார்கள். அஜிதா அட்டையை வெட்டி ஏழு குல்லா செய்தாள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று முள். ஏழு அழைப்புச் சீட்டும் அவளே மலையாளத்தில் எழுதினாள். எழுதி முடித்து அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம நாலு மணி. பால் பூத் முக்குலேந்து எடதுபக்க ரோடு. டிராகன் இருக்குற வீடு." அடியில் தாணுவின் போன் நம்பர். பின்னாலிருக்கும் அறைகள் ரோட்டிலிருந்து தெரியாது. அவற்றுக்கு வீட்டு நம்பரும் கிடையாது. அதனால் டிராகனை முன்வீட்டுப் போர்ட்டிகோவில் கட்டித் தொங்கவிடுவது என்று முடிவானது.

முகம்தான் கடைசி வேலை. பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, வாய்க்கு அகலமாக வெட்டி, தாணு பிரஷ்ஷை எடுத்தான். அவனுக்கு ஒரே ஒரு முகம்தான் வரையத் தெரியும். எந்தக் கட்டடம் எழும்பினாலும் திருஷ்டிப் பொம்மைக்கு முகம் எழுத அவனைத்தான் கூப்பிடுவார்கள். உருண்டைக் கண், கோரைப் பல், தொங்கும் நாக்கு, முறுக்கு மீசை. கை அந்த வழியிலேயே போனது.

அஜிதா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "டிராகனுக்கு மீச உண்டா?"

"இது ஆம்பள டிராகன்."

"இல்ல. பொண்ணு டிராகன்."

மீசை மேல் பச்சைப் பெயின்டை அடித்தான். மீசை இருந்த இடம் கொஞ்சம் தெரியத்தான் செய்தது.

பிறந்தநாள் ஞாயிறன்று மத்தியானம் அவனும் ஜெபசிங்கும் மூச்சுவாங்க டிராகனைத் தூக்கிப் போர்ட்டிகோ பீமில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பன்னிரண்டு அடி நீளம். காற்றில் வாயில் ஒட்டிய சிவப்புக் காகிதம் படபடத்தது. ஆவுடைத்தாய் வந்து பார்த்தாள்.

"இவ்வளவு நல்லா செய்வீயன்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள். உள்ளே போய் ஒரு எலுமிச்சங்காய், ஏழு மிளகாய், ஒரு துண்டுப் படிகாரம் கோர்த்து எடுத்துவந்து டிராகனின் கழுத்தில் கட்டினாள். "ரோட்டுல போறவன் வாறவன் கண்ணெல்லாம் இதுமேலதான் விழும். கெடக்கட்டும்."

நாலு மணி ஆனது. அஜிதா ரோட்டுக்குப் போய் நிற்கிறேன் என்றாள். பிறந்தநாள் பிள்ளை புதுத்துணியோடு நடுரோட்டில் நிற்கக்கூடாது என்று அம்மா விடவில்லை. டிராகன் நிற்கும்போது ஆள் எதற்கு என்று தாணுவும் சொன்னான். நாலேகால் ஆனது. பணியாரத்தின் மேல் ஈ உட்காராமல் ஆவுடைத்தாய் விசிறிக்கொண்டிருந்தாள். நாலரை ஆனது. குக்கரில் வேகவைத்த பச்சைக் கேக்கின் நடுவில் லேசாக ஒரு பள்ளம் விழ ஆரம்பித்தது. ஜெபசிங் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டான்.

அஜிதா எழுந்து குல்லாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன மக்களே செய்யுத?"

"எடுத்து வைக்கேன். கசங்கிப் போயிரும்லா."

குரலில் ஒன்றுமில்லை. அதைத்தான் தாணுவால் தாங்க முடியவில்லை. அடுக்கி முடித்துவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவாள் என்று பயந்து வெளியே போக எழுந்தான். அப்போது போன் அடித்தது.

"அஜிதயுடெ அச்சனல்லே? ஞான் லிபியுடெ அம்மயாணு." லிபி அஜிதாவோடு ஒரே பெஞ்சில் இருக்கிறவள். "ஞங்கள் இதிலே மூணு பிராவஸ்யம் போயி. டிராகன் ஒன்னும் கண்டில்லல்லோ. பணி தீராத்த ஒரு வீடு, அதில் ஒரு நோக்குகுத்தி. அத்ரேயுள்ளு." மூன்று தடவை வந்துபோயும் டிராகனைக் காணவில்லையாம்; வேலை முடியாத ஒரு வீடும் அதில் ஒரு திருஷ்டிப் பொம்மையும்தானாம்.

தாணு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தான். பூசாத செங்கல் சுவர். போர்ட்டிகோவில் உருண்டைக் கண்ணோடு, நாக்கைத் தொங்கவிட்டபடி, பச்சை வலை சுற்றிய ஒன்று. கழுத்தில் எலுமிச்சை, மிளகாய், படிகாரம். இப்படி ஒன்றை அவன் கையால் நூறு கட்டடத்தில் கட்டியிருப்பான். அவனே இந்த வழியாக வந்திருந்தாலும், கட்டட வேலை நடக்கிற இடம், திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று போய்க்கொண்டேயிருந்திருப்பான்.

லிபியின் அம்மா போனில் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பால் பூத் முக்கில் நிற்கிறார்களாம். வகுப்புப் பிள்ளைகள் வேறு மூன்று பேரும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு பிள்ளை வந்த ஆட்டோ திரும்பிப் போகப் பார்க்கிறதாம்.

"போவண்டா சேச்சி. அவிட நில்லுங்க. அஞ்சு மினிட்டு" என்றான் தாணு.

பின்னால் ஆவுடைத்தாயும் அஜிதாவும் ஜெபசிங்கும் வந்து நின்றார்கள். அவன் விஷயத்தைச் சொன்னான். ஆவுடைத்தாய் டிராகனை அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

"நான்தான் பாவி. காயக் கொண்டுவந்து கட்டினேனே."

"மூஞ்சிய எழுதினது நான்லா" என்றான் தாணு.

அஜிதா இருவரையும் பார்த்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வாறேன்பா" என்றாள் மெதுவாக. "டிராகன் இல்லன்னு சொல்லிரட்டா? செய்யப் பாத்தோம், சரியாகலன்னு சொல்லுதேன். கேக்கு இருக்குன்னு சொல்லுதேன். வந்தா வரட்டும்."

தாணு டிராகனின் வயிற்றுக்கு நேரே போய் நின்று, வலைக்குள் தெரிந்த விலா ரிங்குகளைக் கையால் ஒருதரம் ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"ஏன் இல்லன்னு சொல்லணும்? தொங்குனாத்தான திருஷ்டிப் பொம்ம" என்றான். "லே ஜெபசிங், கயித்த அவுத்துவிடு. முக்கு வரைக்கும் நடக்க விடுவோம்."

"அண்ணே, இத முக்கு வரைக்குமா? மத்தியானம் பத்தடி தூக்குறதுக்கே முதுகு போயிட்டு."

"நீ வாலுப்பக்கம். கனம் கொறவு."

"வாலுலதான்ணே நீங்க எட்டு எம்எம் கம்பியப் போட்டிருக்கீய."

ஆவுடைத்தாய் போய் கழுத்திலிருந்த எலுமிச்சையையும் மிளகாயையும் அறுத்து எடுத்தாள். அடியில் வலையைப் பிரித்து இரண்டு ஆண்களும் உள்ளே புகுந்தார்கள். விலாக் கம்பி தோளில் உட்கார்ந்ததும் தாணுவின் முட்டி ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. வாளியின் வாய் வழியாகத்தான் அவனுக்குப் பார்வை. ரோடு தெரிந்தது. ரோட்டின் மேல் புதுச் செருப்புப் போட்ட இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

"முன்னால நட மக்களே. குழி இருந்தா சொல்லு."

டிராகன் ரோட்டில் இறங்கியது. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே பின்வாங்கியது. தட்டுக்கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "எந்தா தாணு, இது எங்கோட்டா?" என்று கேட்டார். "ஆளக் கூப்பிடப் போறோம்" என்று வாளிக்குள்ளிருந்து பதில் வந்தது. பின்னாலிருந்து ஜெபசிங், "மெதுவா போங்கண்ணே, டிராகனுக்கு வயசாயிட்டு" என்று முனகிக்கொண்டே வந்தான். ஒரு கட்டுக்கம்பியின் முனை தாணுவின் தோளில் குத்திக்கொண்டே இருந்தது. முறுக்கிய முனையை உள்ளே மடக்கிவிட மறந்தது யார் என்று யோசித்தான். அவன்தான்.

பால் பூத் முக்குக்கு வந்ததும் அஜிதாவின் கால்கள் நின்றன. அவனும் நின்றான். ஒரு ஆட்டோவின் இன்ஜின் அணைந்தது மட்டும் கேட்டது. பிறகு வேறு சில சின்னக் கால்கள் தயங்கித் தயங்கி அருகே வந்தன. ஒரு ஜோடி வெள்ளை ஷூ, ஒரு ஜோடி சிவப்பு, ஒரு ஜோடியில் வார் அவிழ்ந்திருந்தது.

"இது நடக்குவோ?" என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. லிபியாக இருக்கும்.

"நடக்கும்" என்றாள் அஜிதா. "நிங்ஙளெ விளிக்கான் வந்நதா." அவர்களைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறதாம்.

"ஆரா அகத்து?"

உள்ளே யார் என்று கேட்டதும் தாணு வாளியின் வாய் வழியாக அஜிதாவின் புதுச் செருப்பைப் பார்த்தான். பள்ளிக்கூட வாசலுக்கு அவன் போனால் சட்டையில் சிமென்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் வருவாள். அவன் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

"என்றெ அச்சன்" என்றாள் அஜிதா. "அச்சனா இது உண்டாக்கியது. கம்பி வளச்சு. நிங்ஙள் ஒன்னு பொக்கி நோக்கு, பற்றில்ல."

என் அப்பாதான் கம்பி வளைத்துச் செய்தார், தூக்கிப் பாருங்கள், முடியாது என்று அவள் சொன்னதுதான் தாமதம். வாலில் நாலு பேர் தொங்கினார்கள். பின்னால் ஜெபசிங், "அண்ணே, கனம் கூடிட்டு" என்றான். ஆட்டோவிலிருந்து இன்னொரு ஜோடிக் கால் குதித்தது.

திரும்பி வரும்போது டிராகனுக்கு முன்னால் அஜிதாவும் லிபியும், பின்னால் மற்ற பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் நடந்தார்கள். வீட்டு முன்னால் வந்ததும் தாணு இறக்கி வைக்கலாம் என்று குனிந்தான். பிள்ளைகள் விடவில்லை. இன்னும் ஒரு ரவுண்டு என்றார்கள். பணியாரத்தை யாரும் இன்னும் தொடவில்லை. கேக்கு உள்ளே காத்திருந்தது.

ஆவுடைத்தாய் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள். டிராகனின் வாய்க்குள் கையைவிட்டு நீட்டினாள்.

"குடிங்க. விழுந்துகிழுந்து வச்சிராதீய."

"டிராகன் வெள்ளம் குடிக்குன்னு" என்று ஒரு பிள்ளை இன்னொன்றுக்குச் சொன்னது. தாணு கடகடவென்று குடித்தான். பாதித் தண்ணீர் மார்பில் வழிந்தது. அஜிதா குனிந்து வாளி வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். தலையில் பச்சைக் குல்லா. முகமெல்லாம் வேர்த்து, புதுத்துணியில் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"தோளு வலிக்காப்பா?"

"இல்ல மக்களே."

"பொய்."

"கொஞ்சம்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். வெளியே பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப சின்ன ரவுண்டு போவோம்" என்றாள். "தட்டுக்கட வரைக்கும்."