அரசாங்கத்தின் அலுமாரி

நான் சொல்லப்போவதெல்லாம் இதே ஒழுங்கில்தான் நடந்தது என்று சத்தியம் பண்ண எனக்கு ஏலாது. புங்குடுதீவில் எங்கள் அரச வங்கிக் கிளையில் ஒரு நாளையும் அடுத்த நாளையும் பிரித்து அறிவதே கஷ்டம். அங்கே அடைவுப் பகுதி என்னுடையது. நகையை நிறுத்து, உரசிப் பார்த்து, அதன்மேல் கடன் கொடுப்பது வேலை. மிச்ச நேரத்தில் மேசை லாச்சிக்குள் புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பேன். மிச்ச நேரம்தான் அங்கே கூட.

மனேச்சர் நிலக்ஷன் யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெடியன். இந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவான். ஒருநாள் தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தோடு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பின்தங்கிய பிரதேசங்களின் அபிவிருத்தியில் அரச வங்கிகளின் பங்கு என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, சின்ன எழுத்தில், கடன் கொடுக்காத கிளைகள் மூடப்படும் என்று இருந்தது.

"அண்ணை, இந்தத் தீவில கடன்படுற ஆக்களே இல்லையோ?"

"அடைவு இருக்குத்தானே."

"எல்லாம் ஐயாயிரம், ஐயாயிரமாயெல்லோ கிடக்கு. பதினைஞ்சு பவுனை வைச்சிட்டு ஐயாயிரம் வாங்கின மனிசி ஆர்?"

"சரோஜினிதேவி அக்கா."

அவரைத் தெரியாதவர் தீவில் இல்லை. பிள்ளைகள் கனடாவில், புருஷன் லண்டனில், தாலிக்கொடி எங்கள் பெட்டகத்தில். மூன்றும் பத்திரமாய் இருக்கிறதென்று அவரே சொல்வார். அவருடைய வீட்டைச் சுற்றி ஆளில்லாத வீடுகள். கள்ளர் அவற்றின் யன்னல் நிலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

நிலக்ஷன் அவரைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தான்.

"அன்ரி, உங்கட நகைக்கு இருபது லட்சம் தரலாம்."

"தந்து?"

"ஒரு தொழில் தொடங்கலாம். கோழிப்பண்ணை போடுங்கோவன்."

"தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயசு. கோழிக்குப் பின்னால நான் ஓட, வட்டிக்கு எனக்குப் பின்னால நீர் ஓட, ஊர் பார்த்துச் சிரிக்கும்."

"கடன் கூடாட்டிக் கிளையை மூடிப்போடுவாங்கள், அன்ரி. பிறகு ஊர்காவற்றுறைக் கிளைக்குத்தான் போகவேணும்."

தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"பதினைஞ்சு பவுனோட பஸ்ஸிலயோ? இறங்கேக்க கழுத்தாவது மிஞ்சுமோ?"

அவர் தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பிப் போனார்.

கிளையைச் சோதிக்கப் பிரியவதனி என்ற அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். வந்த நாள், நயினாதீவு நாகபூசணி அம்மன் தேருக்கு முதல்நாள். நிலக்ஷனுக்கு இது இங்கே முதலாவது ஆனி மாதம். அந்த நாளில் இங்கே என்ன நடக்கும் என்று அவன் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்கு மறுமொழி சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை.

காலையிலேயே சனம் படிவரை நின்றது. பிரியவதனிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவு பேரும் கடனுக்கோ, மிஸ்டர் நிலக்ஷன்?"

"ஓம் மிஸ்," என்று அவன் கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டான்.

ஒருவர்கூடக் கடனுக்கு வரவில்லை. எல்லாரும் நகையை மீட்க வந்தவர்கள். அம்மன் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்க முடியுமா? அம்மன் பொறுத்தாலும் பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரி பொறுக்கமாட்டாள். மத்தியானத்துக்குள் பெட்டகம் காலியாகிவிடும் போலிருந்தது. கணினித் திரையில் கடன் தொகை இறங்க இறங்க நிலக்ஷனின் முகமும் இறங்கியது.

சரோஜினிதேவி அக்காவின் முறை வந்தது. வட்டியைச் சில்லறையாகக் கொட்டிவிட்டு, பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்து ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்து வைத்தார். பிரியவதனி அதைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் ஒரு ஊதா நிறக் கறை.

"இதென்ன?"

"என்ர பெருவிரல் மை, மிஸ்," என்றேன். "முதல் தரம் குடுக்கேக்க பட்டது. ஒவ்வொரு வருஷமும் இதே தாள்தான் வரும். தேர் முடிஞ்சு நகையைத் திரும்பி வைக்கேக்க இதைத்தான் கேட்பா. நானும் ஒருபக்கம் எடுத்து வைச்சிருப்பன்."

"அம்மா, அப்ப இந்தக் காசை ஒண்டும் செய்யேல்லையோ?"

"பேணிக்குள்ள வைச்சனான்."

"பிறகேன் கடன் வாங்கினனீங்கள்?"

"ஆர் பிள்ளை கடன் வாங்கினது? நான் நகையை வைக்க வந்தனான். காசு வாங்கினால்தான் நகையை வைச்சிருப்பம் எண்டினம். அரசாங்கம் ஆசைப்பட்டுத் தருது, வேண்டாமெண்டால் கோவிக்கும் எண்டு வாங்கினனான்."

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ர காசு அரிசிப் பானைக்குள்ள."

"பார்த்து, அவிச்சுப்போடாதையுங்கோ!" என்றது இன்னொன்று.

சிரிப்பு அடங்கப் பிரியவதனி தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

பிறகு நிலக்ஷனின் கதிரையில் போய் அமர்ந்தார். கொழும்பில் அவருடைய மேசையில் கோடிக் கணக்கில் கடன் வாங்கியவர்களின் கோப்புகள் கிடக்கின்றனவாம். ஐந்து நட்சத்திர ஹோட்டல் கட்டுகிறோம் என்று வாங்கி, ஒரு நட்சத்திரமும் கட்டாமல், கடனையும் கட்டாதவர்கள். அவர்கள் வந்தால் தலைமையகத்தில் கேக் வெட்டிக் கொடுப்பார்களாம்.

"இஞ்ச ஒரு காலையில முழுக் கடனும் திரும்பி வருது," என்றார். "நான் இதை எங்கயும் காணேல்லை."

"அது கிடக்கட்டும், பிள்ளை," என்றார் சரோஜினிதேவி அக்கா. "கிளையை மூடுறியளோ இல்லையோ? குறிகட்டுவானில நயினாதீவுப் படகு போயிடும்."

"தேர் முடியத் திரும்பவும் நகையை வைப்பீங்களோ?"

"வேற எங்க வைக்கிறது?"

பிரியவதனி கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொருத்தரும் குறைஞ்சது இருபத்தையாயிரம் வாங்கினால் கிளையைக் காப்பாத்தலாம். கடன் கூடியிருக்கு எண்டு நான் எழுதலாம்."

அக்கா விரல்களில் எண்ணினார்.

"வட்டி அஞ்சு மடங்கு. அலுமாரி வாடகையைக் கூட்டுறியள்."

பிரியவதனி பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"சரி, ஊர்காவற்றுறை பஸ்ஸை விட இது பரவாயில்லை. ஆனா மிச்சம் நாலும் புதுத் தாளாய் வேணும். என்ர தாளோட சேர்த்து வைக்கிறது."

அக்கா திரும்பி வரிசையைப் பார்த்தார். முணுமுணுத்தார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள், பிறகு எல்லாரும் சம்மதித்தார்கள். தேர் முடிந்த மறுநாள் நகைகள் திரும்பி வந்தன. ஆளுக்கு இருபத்தையாயிரம் வெளியே போய்ப் பேணிகளுக்குள்ளும் பானைகளுக்குள்ளும் தங்கியது.

கிளை மூடப்படவில்லை. புங்குடுதீவில் கிராமியக் கடன் ஒரே வருடத்தில் ஐந்து மடங்காகியதென்று வங்கியின் ஆண்டறிக்கை சொன்னது. பக்கத்தில் நிலக்ஷன் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கோழி இரவல். அவன் பதவி உயர்ந்து கொழும்பில் கடன் அறவிடும் பகுதிக்குப் போனான். இன்னும் ஒன்றும் அறவிடவில்லை. பிரியவதனி வேலையை விட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சரோஜினிதேவி அக்காவின் புருஷன் லண்டனிலேயே இருக்கிறார். அக்கா பெரிய பேணி ஒன்று வாங்கினார். நான் இன்னும் அடைவுப் பகுதியில்தான் இருக்கிறேன், லாச்சியில் வேறு புத்தகம்.