கயிறு வேண்டாம்

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவளின் நெற்றியில் ஒரு துருப்பிடித்த நட்டு விழுந்தது. மகள் அதைத் துடைத்து உதட்டில் கவ்விக்கொண்டு மறுபடி ஸ்பானரைத் திருகினாள். வீட்டுக் கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். ஷெட் வாசலில் பளபளவென்று இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. சித்தப்பாவுடையவை.

"நாலு மணிக்கு எடுக்கணும்மா. பல்லு புடுங்குற கைக்கு சைலன்சர் வேலை எதுக்கு? பேசாம கயிறு கட்டி இழுத்துடலாம்."

பல் டாக்டரான மகள் நட்டைத் துப்பினாள். "கயிறு வேண்டாம் சித்தப்பா."

"நல்ல கயிறும்மா. புதுசு."

"அப்பா சொன்னது ஞாபகம் இல்லையா?"

"உயிர் இருக்கிற வரைக்கும் என் வண்டி கயித்துல போகாதுன்னார். அதான் இப்போ..." சித்தப்பா மீதியை விழுங்கினார். ஷூக்கள் திரும்பி நடந்தன.

அப்பா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. பழம்பெரும் கார்கள் சங்கத்தில் அவருடைய இரண்டு இருக்கை சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் 'ஒரு திருகுகூட மாற்றப்படாத அசல்' என்று கோப்பை வாங்கும். வாங்கிய கையோடு வழியில் நின்றுவிடும். கடைசித் தடவை குப்பை லாரியின் பின்னால் கயிற்றில் ஊர்ந்து வந்தார். கோட்டும் டையும் மடியில் கோப்பையுமாக. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அடுத்த மாதம் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு அசல் என்ஜினைக் கழற்றி மூலையில் வைத்தார். அம்மா அதன்மேல் போர்வையை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அந்த இடத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த வேறொரு என்ஜின் உட்கார்ந்தது. இதே தெருக்களில் காலையில் சுற்றிக்கொண்டிருந்து, பேக்கரி மூடியதும் நின்றுபோன ரொட்டி வேனின் என்ஜின்.

சங்கத்துக்குத் தெரியாது. அங்கே ஒருவர் காரின் பானெட்டை இன்னொருவர் திறந்து பார்ப்பது அநாகரிகம். தலைவர் கண்ணை மூடி, புகைக்குழாயின் சத்தத்தைக் கேட்டே அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்வார். ஆகவே அப்பா ஏமாற்ற வேண்டியிருந்தது ஒரு ஜோடிக் காதுகளை மட்டும்தான். ரொட்டி வேன் சிங்கம் மாதிரி உறுமுவதற்காக சைலன்சரை வெட்டுவார், உள்ளே தகடு வைப்பார், ஒட்டுவார், தட்டிப் பார்த்துக் காதில் வைத்துக் கேட்பார். திருப்தியே வராது. மறுபடி வெட்டுவார்.

இப்போதும் அது வெட்டப்பட்டு இரண்டு பாதியாக மேஜைமேல் கிடந்தது.

அம்மா தண்ணீரோடு உள்ளே வந்தாள். மகள் ரொட்டி வேன் என்ஜினோடு கூடவே வந்திருந்த பழைய சைலன்சரை உருட்டி இழுப்பதைப் பார்த்தாள்.

"அதையா மாட்டப் போற? சத்தம் காட்டிக் கொடுத்துடும்டி. சங்கத்துக்குத் தெரிஞ்சுடும்."

"கயிறு கட்டினா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்மா."

சங்கத்தின் இன்னொரு விதிப்படி, இறந்த உறுப்பினரின் கார்தான் ஊர்வலத்தில் முதலில் போகவேண்டும். கூடத்தில் தலைவரின் இரங்கலுரை ஆரம்பித்திருந்தது. "அவர் ஒரு காரை வைத்திருக்கவில்லை! ஒரு மரபை வைத்திருந்தார்!" மனுஷர் குடிக்கத் தண்ணீர்கூட இப்படித்தான் கேட்பார்.

அம்மா குனிந்து சைலன்சரின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள்.

"நேத்து காபி கொண்டு வந்தேன்," என்றாள். "அந்தப் பாதியைக் காதுல வெச்சுக்கிட்டு மேஜைமேல சாஞ்சிருந்தார். சத்தம் கேக்கறார்னு நெனச்சேன். குறுக்கே பேசினா கத்துவாரே... கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

ஸ்பானர் நின்றது. கூடத்தில் தலைவர் இன்னும் மரபைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கும்மா," என்றாள் மகள். "அப்படியே புடி. விட்டுடாதே."

குழாய் நுழையவில்லை. அரத்தால் தேய்த்தாள். நுழைந்தது, ஆனால் ஆடியது. காலித் தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, கிளாம்பைப் போட்டு இறுக்கினாள். கட்டைவிரல் நகம் பிய்ந்தது. திருகுவதை நிறுத்தவில்லை.

வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பெட்டியை அமரர் வேனில் ஏற்றியாயிற்று. சித்தப்பா எதற்கும் இருக்கட்டும் என்று கயிற்றைத் தோளில் மாட்டியிருந்தார். மகள் கிரீஸ் கையோடு உட்கார்ந்து சாவியைத் திருகினாள். என்ஜின் இருமியது. மறுபடி திருகினாள். இருமியது. சித்தப்பா கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார்.

"பக்கத்துல வராதீங்க சித்தப்பா."

மூன்றாவது திருகலில் பிடித்துக்கொண்டது. டபடபடபவென்று, கொஞ்சம் கிலுகிலுப்போடு, எந்த மரபையும் பற்றிக் கவலைப்படாத சத்தம். அம்மா தலைவரைப் பார்த்தாள்.

தலைவர் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. கண்ணை மூடினார்.

"கேளுங்கள்! இதுதான் அசல். இந்த உறுமலை இனி எங்கே கேட்கப் போகிறோம்?"

சங்கத்தார் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "பாவம், அழட்டும், விடுங்க," என்றார் பொருளாளர். அவள் காரில் ஏறி மகளின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் குலுங்கல் நிற்கவில்லை. தெருக்கோடி வருவதற்குள் அது எப்போது அழுகையாக மாறியது என்று மகளுக்குத் தெரியவில்லை.

கோடி வீட்டில் தனியாக இருக்கும் கிழவர், ரிட்டயரான தையல்காரர், செருப்புகூடப் போடாமல் அவசரமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் ரொட்டி வாங்கும் துணிப் பை. சத்தம் வந்த பக்கம் பார்த்தார். சிவப்புக் காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பின்னால் மெதுவாக வரும் வேனைப் பார்த்தார்.

மகள் அவருக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். வண்டி நிற்கவில்லை.

அவர் பையை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தம் தெருமுனை திரும்பி மறைகிற வரை கேட்டிலேயே நின்றார்.