அயர்லாந்துக்காரர்களின் குரு பரம்பரை

உலக சங்கீதத்தின் வரலாறு என்றைக்காவது முழுதாக எழுதப்படுமானால், 1963-ஆம் வருஷத்துக் குற்றாலம் சீசனுக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று குறும்பலா கான சபாவின் நோட்டீஸ் சொன்னது. ‘அயர்லாந்து தேசத்து ஆஸ்தான வித்வான்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வித்வான்கள் மூன்று பேரும் கொழும்பில் வாசித்துவிட்டு பம்பாய்க்குப் போகிற வழியில் அருவியில் குளிக்க வந்தவர்கள்.

அவர்களைத் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகப் பிடித்து வந்தவர் சபாவின் செயலாளர் தில்லைநாயகம். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கச்சேரி நன்றாக நடந்தால் மேடையிலேயே மாலை போட்டு அவரை அடுத்த தலைவராக அறிவிப்பதாக, பதவி விலகப்போகும் தலைவர் வல்லிநாயகம் பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார். சபா விதிப்படி தலைவர் சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். தில்லைநாயகத்தின் தகப்பனார் ஒரு சமஸ்தானத்தில் மிருதங்க வித்வான். எந்தச் சமஸ்தானம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. யாராவது கேட்கப்போவதுபோல் தெரிந்தால் அவர் பேச்சைச் சாரல் பக்கம் திருப்பிவிடுவார்.

வித்வானின் குரு யார், அவருடைய குரு யார் என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சபாவில் சுருதி சேர்க்கலாம். ஆகவே தில்லைநாயகம் ஆங்கில வாத்தியார் ஞானசம்பந்தத்தைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்குப் போனார்.

“பிடில் வாசிக்கிற டெக்லன் யார்ட்ட படிச்சாராம், கேளுங்க சார்வாள்.”

“மாமாட்டயாம். தபால்காரர்.”

‘அரசு உத்தியோகஸ்தரான மாதுலரிடம் குருகுலவாசம்’ என்று தில்லைநாயகம் குறித்துக்கொண்டார்.

“புல்லாங்குழல் நோரா?”

“அம்மாட்ட. ரொட்டி சுடும்போது சொல்லிக் குடுப்பாளாம்.”

“அக்கினி சாட்சியா மாதாவிடம். சரி. கொட்டு அடிக்கிற கோல்ம்?”

“அப்பாட்ட. ஆட்டுக்கறிக் கடை. கொட்டுக்குத் தோலும் கடையிலயே கிடைச்சிருக்கு.”

தில்லைநாயகம் பென்சிலைக் கீழே வைத்தார். “அது வேண்டாம் சார்வாள். தாத்தா என்ன செய்தாருன்னு கேளுங்க.”

“அவரும் கறிக்கடைதானாம்.”

கோல்ம் கொட்டை எடுத்துத் தட்டிக் காட்டினார். சத்தம் வரவில்லை. சாரலில் தோல் ஊறி, நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது. வேறு கொட்டு கிடைக்குமா என்று கேட்டார்.

“வட்டமா, ஒருபக்கம் மட்டும் தோலு. நம்ம சேக் மைதீன் பாய் தப்ஸ் மாதிரியே இருக்கே” என்றார் ஞானசம்பந்தம்.

தில்லைநாயகம் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தார். கல்யாண ஊர்வலங்களில் தப்ஸ் அடிக்கும் சேக் மைதீன் முன்பு சபாவில் வாய்ப்புக் கேட்டபோது, கஞ்சிரா நீங்கலாக ஒருபக்கத் தோல் கொட்டு எதுவும் மேடையேறக் கூடாது என்று தீர்மானம் போட்டது தில்லைநாயகம்தான். அவருடைய தகப்பனாரின் வாசிப்பைக் கேட்டவர்களில் மிஞ்சியிருந்தது மைதீன் ஒருவர்தான். தீர்மானத்துக்குக் காரணமே அதுதான்.

வேறு வழியில்லாமல் தென்காசிக்குப் போனார். நெசவில் இருந்த மைதீன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி. மேடைக்கு ஆகாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?”

“வெள்ளைக்காரன் கையில இருந்தா அது வேற வாத்தியம் பாய். கொட்ட மட்டும் குடுங்க. நீங்க எதுக்கு அலையணும்?”

“சாரல்ல தோலு ஊறாம அடுப்படியில வச்சுப் பாத்துக்கிட்ட பொருளு. அத தனியா எங்கனயும் அனுப்புறதில்ல. கூட வாரேன், ஓரமா நிக்கேன்.”

“ஒண்ணும் பேசமாட்டீங்கள்லா?”

“யாரும் கேட்டா ஒழிய நான் என்னத்தப் பேசப்போறேன்.”

கச்சேரி அன்று தில்லைநாயகத்தின் அறிமுக உரை ஓகோவென்று போனது. கோல்மின் தகப்பனார் அதில் தோல்வாத்திய ஆராய்ச்சியாளர் ஆகியிருந்தார். வல்லிநாயகம் பிள்ளை மாலையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆனால் அயர்லாந்துக்காரர்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள். இது பால்காரர் கொடுத்தது, இது ஒரு சாவு வீட்டில் கற்றது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஞானசம்பந்தம் மைக்கில் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னார். தில்லைநாயகம் மைதீன் நின்ற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோல்ம் கொட்டோடு போய் மைதீனை மேடைக்கு இழுத்து வந்தார். மைதீன் அடித்தார். கூட்டம் கைதட்டியது. கோல்ம் வழக்கப்படி ஏதோ கேட்டார்.

“இது யார் குடுத்ததுன்னு கேக்காரு பாய்” என்றார் ஞானசம்பந்தம், மைக்கில்.

“நேரமாச்சு, மங்களம் பாடிரலாம்” என்று தில்லைநாயகம் குறுக்கே வந்தார். அயர்லாந்துக்காரர்களுக்கு மங்களம் தெரியாது.

“கொட்டும் அடியும் நம்ம அண்ணாச்சியோட அப்பா குடுத்தது. தங்கமான மனுசர்” என்றார் மைதீன்.

மாலையோடு எழுந்த வல்லிநாயகம் பிள்ளை அப்படியே நின்றார். “அவுக மிருதங்கம்லா?”

“மிருதங்கம் அவரு தொட்டதே இல்ல, பிள்ளைவாள்.”

தில்லைநாயகத்தின் தகப்பனார் தென்காசிச் சந்தையில் பல்பொடி விற்றவருக்குக் கூட்டம் சேர்க்கத் தப்ஸ் அடித்தவர்.